32 த்ரெட் மெஷினில் பாயிங்க்: என் அனுபவம்

பழைய சர்வர் ஒன்று கைக்கு வந்தது. இரண்டு ஜியான் பிராசஸர், தலா 8 கோர், ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கோடு 32 த்ரெட், ரேம் 32 ஜிபி. இவ்வளவு கோர் சும்மா கிடக்க மனசு வரவில்லை, உபுண்டுவில், நம் கணினியின் சக்தியை அறிவியல் ஆய்வுக் கணக்குகளுக்குத் தரும் பாயிங்க் மென்பொருளைப் போட்டு, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ரொசெட்டா அட் ஹோம் திட்டத்தில் சேர்த்தேன்.

பாயிங்க் த்ரெட்டுக்கு ஒரு வேலை என்று எடுக்கப் பார்க்கும், ஆனால் ரொசெட்டா வேலை ஒன்றே 1 ஜிபிக்கு மேல் கேட்கும், போதாததற்கு நாம் கணினியில் உட்கார்ந்திருக்கும்போது பாதி ரேமைத்தான் தொடும் என்பது பாயிங்கின் இயல்பு அமைப்பு, அதனால் பாதி வேலைகள் நினைவகத்துக்குக் காத்துக்கிடந்தன.

ரேம் வரம்பை 75 சதவீதமாக்கினேன். அப்புறம் ரொசெட்டா ஃபோல்டருக்குள் ஆப் கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பை வைத்து, ஒரே நேரத்தில் 12 வேலைக்கு மேல் வேண்டாம் என்று எழுதினேன். மீதி த்ரெட்டுகளுக்குப் பல்சர் எனும் சுழலும் நியூட்ரான் விண்மீன்களைத் தேடும் இன்னொரு திட்டமான ஐன்ஸ்டைன் அட் ஹோம், அது அவ்வளவு ரேம் தின்னாது. மெனுவில் கான்ஃபிக் கோப்புகளை மறுபடி படிக்கச் சொன்னதும் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டது.

சூடு அதிகமானால் பாயிங்க் அமைப்பில் சிபியு நேரத்தின் சதவீதத்தைக் குறைக்காதீர்கள், வேலை விட்டுவிட்டு ஓடும், ஃபேன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சிபியு எண்ணிக்கையின் சதவீதத்தைக் குறையுங்கள். நான் 90 வைத்திருக்கிறேன், 28 த்ரெட் அதற்கு, 4 எனக்கு.