மானியம் கேட்கும் முன்: தோட்டத்துச் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்ஜெட் அறிவித்த மறுநாள் காலையிலேயே மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் காப்பிக்கடைகளில் மானியப் பேச்சு தொடங்கிவிடும். "பணம் ஒதுக்கியிருக்கிறார்களாம், சீக்கிரம் விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள் சார்" என்று சுற்றுவட்டார ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து யாராவது வந்து நிற்பார்கள். பல ஆண்டுகளாக இந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுத்துவருகிறேன். திரும்பி வந்தவற்றில், தேவையே இல்லை என்று தள்ளப்பட்டவை மிகக் குறைவு. பாரத்தைத் தொடுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலைகளைச் செய்யாததால் திரும்பியவைதான் அதிகம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நிலத்தைப் பற்றிக் கேட்காமல் தொடங்குவது. தோட்டம் தனியார் நிலம். மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்திருக்கலாம், தாத்தா நட்ட பலாமரம் இன்றும் காய்த்துக்கொண்டிருக்கலாம். நிலப்பட்டாவில் இருப்பதென்னவோ கம்பெனியின் பெயர். தொழிலாளர் வீட்டுவசதியின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்ட வீடுகளின் பொறுப்பை முதலாளியிடமே வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் பொதுப்பணத்தைக் கொண்டு கட்டடம் எழுப்பக் கேட்டால், நில உரிமையாளரின் சம்மதம் எங்கே என்றுதான் அதிகாரி முதலில் கேட்பார். மானேஜர் வாய்ச்சொல்லாகச் சம்மதித்தது போதாது. மானேஜர் மாறுவார், தோட்டமே கைமாறும். எத்தனை ஆண்டுகளுக்கு, எவ்வளவு இடம் என்று குறிப்பிட்டுத் தலைமை அலுவலகம் முத்திரையிட்ட கடிதம் வேண்டும்.

அரசு நிலமாக இருந்தாலும் கவனம் தேவை. தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அதாவது டி.ஓ.எல்., ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். அதை நம்பிச் சிமெண்ட் மண்டபம் கட்டத் திட்டம் போடாதீர்கள்.

ஒருமுறை பாலர்பள்ளிக் கூரைக்கான விண்ணப்பத்தோடு நில அலுவலகத்துக்குப் போயிருந்தேன். முகப்பிடத்தில் இருந்த பெண் வரைபடத்தைத் திருப்பி வைத்து, ஓர் எண்ணின்மேல் விரலை வைத்தார். நாங்கள் எழுதியிருந்த லாட் எண், அதாவது மனை எண், பக்கத்துக் கோயிலுடையது. பழைய கடிதம் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருந்தோம். அதைத் திருத்தி முடிப்பதற்குள் விண்ணப்பக் காலம் கடந்துவிட்டது. பிள்ளைகள் அந்த மழைக்காலம் முழுவதும் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தார்கள்.

அடுத்தது சங்கம். மானியம் அறிவித்த பிறகு அவசர அவசரமாகச் சங்கம் தொடங்குகிறார்கள். பதிவு செய்ய ஏழு பேர் போதும் என்பது உண்மைதான். ஆனால் பணம் கொடுப்பவர்கள் பழைய கணக்கையும் கூட்டக் குறிப்புகளையும் பார்ப்பார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம். இதை இரண்டு ஆண்டுகள் மறந்துவிட்டு, மூன்றாம் ஆண்டு மானியம் கேட்கப் போகும் சங்கங்கள் எத்தனையோ.

இந்தியச் சமூக உருமாற்றப் பிரிவான மித்ராவை மட்டுமே நம்பியிருப்பதும் தவறு என்பேன். செடிக் என்றிருந்த அந்தப் பிரிவு 2018இல் மித்ரா ஆனது. இந்தியச் சமூகத்துக்கான பணம் என்பதால் அங்கே கூட்டம் அதிகம். புறநகர், வட்டார மேம்பாட்டு அமைச்சு இருக்கிறது, கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் கூட்டுறவு ஆணையம் இருக்கிறது. நாமும் வரி கட்டுகிறோம். அந்தக் கதவுகளைத் தட்ட ஏன் தயங்க வேண்டும்?

"உங்கள் பங்களிப்பு என்ன?" என்று பாரத்தில் கேட்டிருந்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது. துண்டு துண்டாக விற்கப்பட்டுவந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்று 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் (ரப்பர்) சீவியவர்கள் மாதம் பத்து வெள்ளி (அன்றைய டாலர்) தவணையாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அன்றைய கூலிக்கு அது சிறிய தொகை அல்ல. இன்று நம்மிடம் பணம் இல்லாவிட்டால் உழைப்பு இருக்கிறது. கூட்டுப்பணிக்கு எத்தனை பேர், எத்தனை நாள் வருவார்கள் என்று எழுதுங்கள்.

பணம் கைக்கு வந்த பிறகு பொருளாளரின் சொந்தக் கணக்கு வழியாக ஒரு காசும் போகக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. ரசீதுகளை அன்றன்றைக்கே நகலெடுத்து வையுங்கள். ஹார்டுவேர் கடையில் தரும் வழவழப்பான ரசீது நம் ஊர்ச் சூட்டில் சில மாதங்களில் வெளுத்துவிடும். ஆண்டு இறுதி அறிக்கைக்காகக் கோப்பைத் திறந்தால் வெள்ளைத் தாள்கள்தான் மிஞ்சும். எழுத்து மறைந்த ரசீதுகளால் நேர்மையான மனிதர் ஒருவர் ஊரார் முன் தலைகுனிந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசித் தவறு, தேவை எது என்று பார்க்காமல் எதற்குப் பணம் கிடைக்குமோ அதைக் கேட்பது. ஒரு தோட்டத்தில் ஆறு தையல் இயந்திரங்கள் வந்தன. வகுப்பு காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் பெண்களில் பாதிப்பேர் செம்பனைக் காட்டிலும் மீதிப்பேர் தொழிற்சாலையிலும் இருந்தார்கள். இயந்திரங்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் ஓராண்டு கிடந்தன. பிறகு அந்தப் பெண்களே கூடிப் பேசி, வகுப்பை ஞாயிறு மாலைக்கு மாற்றினார்கள். மண்டபத்து மின்கட்டணத்தை ஆளுக்கு இரண்டு ரிங்கிட்டாகப் பிரித்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு முன் அந்த வழியாகப் போனபோது நான்கு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மற்ற இரண்டுக்கும் ஊசி வாங்க ஒருவர் டவுனுக்குப் போயிருந்தார்.