மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும்போது

வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும் என்று அம்மா சொல்வார். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் நானும் அப்படித்தான் செய்தேன். மறுநாள் கப்பி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மனசே கேட்கவில்லை.

இந்தப் பக்கம் குழாய்த் தண்ணீரில் குளோரமைனும் வரும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த அது சும்மா வைத்தால் சீக்கிரம் போகாது. தண்ணீரைத் தொட்டியில் ஊற்றும் முன்பே வாளியில் கண்டிஷனர் (குளோரினை முறிக்கும் மீன் தொட்டி மருந்து) கலந்துவிடுங்கள். அம்மோனியாவையும் கட்டிப்போட்டு மீனைக் காக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். குளோரமைன் உடைந்தால் மிஞ்சுவது அதுதான். ஒரு தடவைக்குக் கால்வாசி மாற்றினால் போதும்.

அப்புறம், ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசவே கூடாது. அந்தப் பழுப்பு வழவழப்பில்தான் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியிருக்கிறது; குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் அது செத்துவிடும். தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து வையுங்கள்.