75 கிராம் குளுக்கோஸ் சோதனைக்குப் போகும் முன்

வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தம், கணையம் ஓய்வில் இருக்கும்போது உள்ள நிலையை மட்டுமே காட்டும். சர்க்கரை ஏறும்போது அது இன்சுலினைப் போதிய வேகத்தில் விடுகிறதா, உடல் அந்த இன்சுலினுக்குக் கட்டுப்படுகிறதா என்று பார்க்க, குளுக்கோஸ் குடித்துச் செய்யும் ஓஜிடிடி சோதனை வேண்டும். முன்தயாரிப்பு பிசகினால் நல்ல கணையமும் பழுதானது போலத் தெரியும்.

சோதனைக்கு முந்தைய மூன்று நாட்களும் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். தினமும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். சோதனை வருகிறதே என்று சோற்றையும் இட்லியையும் குறைத்தால் உடல் கொழுப்பை எரிக்கப் பழகிவிடும்; திடீரென்று குளுக்கோஸ் வந்ததும் கையாளத் திணறும், அளவு பொய்யாக ஏறும். முந்தைய இரவு 8 முதல் 14 மணி நேரம் பட்டினி. தண்ணீர் குடிக்கலாம், காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

லேபில் முதலில் வெறும் வயிற்று ரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் நீரற்ற குளுக்கோஸ், 250 முதல் 300 மில்லி தண்ணீரில். நீர் சேர்ந்த மோனோஹைட்ரேட் வகை என்றால் 82.5 கிராம். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடியுங்கள். அரை மணி நேரம் உறிஞ்சினால் சர்க்கரை மெதுவாக ஏறி, சோதனையே வேறாகிவிடும். முதல் வாய் குடித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. நடுவில் வாந்தி எடுத்தால் அன்றைய முடிவு செல்லாது.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் வேலை செய்கின்றன. குளுக்கோஸ் அவற்றுள் நுழைய இன்சுலின் தேவையில்லை. உள்ளே குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதைப் பற்றிக்கொள்கிறது. ரத்தச் சர்க்கரை 140-ஐ (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்; கீழே வரும் அளவுகளும் இதே கணக்கு) ஒட்டி இருக்கும்போது இந்த நொதி ஏறக்குறைய பாதி வேகத்தில் ஓடும். அதனால் சர்க்கரை ஏற ஏற வேகமும் கூடும், இறங்கினால் குறையும். அளவுகோலாக இருப்பது இதுதான். எரிந்த குளுக்கோஸிலிருந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு பெருகியதும் செல் சவ்வின் பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்ளும். மின்னழுத்தம் மாறிக் கால்சியம் உள்ளே பாயும். சேமித்து வைத்த இன்சுலின் பைகள் வெடித்துத் திறக்கும். தயாராக இருந்தது முதலில் வரும், புதிதாகச் சேர்வது பின்னால். இரண்டாம் வகை நீரிழிவில் இந்த முதல் அலைதான் சீக்கிரமே மங்குகிறது. குடலும் ஜிஎல்பி-1, ஜிஐபி ஹார்மோன்களை அனுப்பிக் கணையத்தைத் தூண்டும். ஊசியில் ஏற்றும் குளுக்கோஸுக்கு இந்த உதவி கிடைக்காது.

ஆகவே அசையாமல் உட்கார்ந்திருங்கள். நடந்தால் தசைகள் இன்சுலினுக்குக் காத்திராமல் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், இருக்கும் குறை மறைந்துவிடும்.

ரத்தம் சாம்பல் நிற மூடியுள்ள ஃபுளோரைடு குழாயில் போகிறதா என்று பாருங்கள். சாதாரணக் குழாயில் ரத்த அணுக்களே குளுக்கோஸை மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் தின்றுவிடும். 145 இருந்தவர் 140-க்குக் கீழே இறங்கி 'நார்மல்' ஆகிவிடுவார். வீட்டுக் குளுக்கோமீட்டரை வைத்து நோயை உறுதிசெய்யக் கூடாது.

இரண்டு மணி நேர அளவு 140-க்குக் கீழ் என்றால் இயல்பு. 140 முதல் 199 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 200-ம் அதற்கு மேலும் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லையென்றால் இன்னொரு நாள் மறுபடி பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு: சென்னை மருத்துவர் வி. சேஷையா பரப்பிய முறையில், சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 140 தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு என்று கொள்வார்கள்.

நீரிழிவு உறுதியாகி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம். கிளிமிபிரைடு போன்றவை அதே பொட்டாசியம் வாயில்களை நேரடியாக மூடுபவை. சர்க்கரை ஏறாவிட்டாலும் இன்சுலின் வரும். அதைப் போட்டுக்கொண்டு லேப் வரிசையில் பட்டினி கிடந்தால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழ நேரும்.