நாலு நிமிடச் சாட்சி: எழுதுவதும் சொல்வதும்

அன்பியம் என்பது பங்கில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு. சாட்சி என்பது கடவுள் தம் வாழ்வில் செய்ததைப் பிறருக்குச் சொல்வது. அன்பியக் கூட்டத்தில் "யாராவது சாட்சி சொல்லுங்க" என்றதும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். எல்லாரும் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இல்லாவிட்டால் வழக்கமாகப் பேசுகிற ஒருவரே எழுந்து இருபது நிமிடம் பேசுவார். இரண்டுக்கும் காரணம் தயாரிப்பு இல்லாததுதான். தயாரித்துப் பேசினால் அது தூய ஆவியார் தந்த சாட்சி ஆகாது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது சரியல்ல. பவுல் தம் மனமாற்றத்தைத் தாமே சொல்வது விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் இரண்டு இடத்தில் வருகிறது. 22-ஆம் அதிகாரத்தில் எருசலேம் யூதர்கள் முன்னால் பேசும்போது, கமாலியேலிடம் படித்ததையும், தம்மைத் தேடி வந்து பார்வை பெறச் செய்த, திருச்சட்டப்படி நடந்த அனனியாவையும் சொல்கிறார். 26-ஆம் அதிகாரத்தில் அகிரிப்பா அரசர் முன்னால் பேசும்போது அனனியாவின் பெயரே வரவில்லை. நடந்தது ஒன்றுதான். யார் கேட்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

முதலில் ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். பிறந்தது முதல் இன்றுவரை சொல்ல வேண்டாம். பெரிய நோய், விபத்து என்றுதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பேச்சு நின்றுபோன சொந்தத்தோடு மறுபடி பேசியது, பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு) போனது, கைக்கு வந்த லஞ்சத்தை வேண்டாம் என்றது, எல்லாமே சாட்சிதான். தேர்ந்தெடுக்க ஒரு சோதனை உண்டு: அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு உங்கள் நடத்தையில் எது மாறியது என்று வீட்டில் இருப்பவர் சொல்ல முடிய வேண்டும். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால், இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள்.

பிறகு எழுதுங்கள். பேசும்போது நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் வரும். ஆகவே நாலு நிமிடத்துக்கு 400 சொல், நோட்டில் இரண்டு பக்கம். முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது என்ன என்ற மூன்று பகுதி போதும். பெரும்பாலான சாட்சிகள் முதல் பகுதியில்தான் கெட்டுப்போகின்றன. பழைய குடியையும் சண்டையையும் விரிவாகச் சொல்லி, ஆண்டவரைக் கடைசி அரை நிமிடத்தில் கொண்டுவருவார்கள். கேட்டவர் மனதில் குடிதான் நிற்கும். முதல் பகுதிக்கு ஒரு நிமிடம், நடந்ததற்கு இரண்டு, இன்றைய நிலைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் அடிக்கடி கேட்கும் சாட்சி இப்படி இருக்கும்: "நான் பெரிய பாவி. ஆண்டவர் என்னைத் தொட்டார். மாதாவின் அருளால் என் குடும்பம் ஆசீர்வதிக்கப்பட்டது. அவருக்கே மகிமை." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கேட்பவர் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண் சொல்வதாக வைத்து எழுதிப் பார்த்தால் இப்படி வரலாம்:

"காலையில ஆறரைக்கு கம்பெனி பஸ்ஸு. என் நாத்தனாரும் அதே பஸ்ஸுதான். மூணு வருஷமா பேச்சு இல்ல, வளையல் விஷயம். தவக்காலத்துல ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை. பத்தாம் தலத்துல முட்டி போட்டுக்கினு இருக்கேன். 'அவரு போட்டிருந்த துணியையே உருவிட்டாங்கோ, நீ ஒரு வளையலைப் பிடிச்சிக்கினு கீறியே'ன்னு தோணிச்சி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி நேரா அவங்க வூட்டுக்குப் போனேன். உள்ள வான்னு சொல்லல. தண்ணி மட்டும் குடுத்தாங்கோ. இப்ப பஸ்ஸுல பக்கத்துல இடம் பிடிச்சி வெக்கிறாங்கோ. வளையல் அவங்ககிட்டதான் இருக்குது. எனக்கு அது வலிக்கல."

ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இயேசுவின் பாடுகளைத் தலம் தலமாக நினைத்து ஜெபிக்கும் சிலுவைப்பாதையில், பத்தாம் தலம் அவருடைய ஆடைகளைக் களையும் தலம் என்பதால் வளையலும் துணியும் சேர்ந்து நிற்கின்றன. "உள்ள வான்னு சொல்லல" என்பதை வெட்டாமல் விட்டதுதான் இதற்கு பலம். எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தால், அதேபோல் மனத்தாங்கலோடு உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் "நமக்கு இது நடக்காது" என்று எழுந்து போயிருப்பார். எழுத்து நடையில் பேச வேண்டாம், வீட்டில் பேசுகிறபடியே சொல்லுங்கள்.

ஆனால் இதை அன்பியத்தில் சொல்லுமுன் அந்த நாத்தனாரிடம் கேட்டாக வேண்டும். அவர் வேண்டாம் என்றால், "நெருங்கிய சொந்தம் ஒருத்தர்" என்று மாற்றினாலும் பத்து வீடு இருக்கிற தெருவில் யார் என்று தெரிந்துவிடும். அப்போது வேறு நிகழ்ச்சிதான். கணவரின் குடி, மகளின் கல்யாணத் தடை, மருமகளின் உடல்நிலை எல்லாவற்றுக்கும் இதே விதி. உங்கள் பாவத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, இன்னொருவர் பாவத்தைச் சொல்ல இல்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் சாமியார் சொன்ன அறிவுரையையும் மேடைக்குக் கொண்டுவராதீர்கள். போய் வந்தேன், மனம் லேசானது என்பது போதும்.

சுகம் கிடைத்த சாட்சிக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். சேத்துப்பட்டு லூர்து அன்னை திருத்தலத்துக்கு வேண்டிக்கொண்டு போய் வருகிறவர்கள் நம் வேலூர் மறைமாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். பிரான்சின் லூர்து நகரில் குணமடைந்ததாக 7,000-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் அற்புதம் என்று திருச்சபை ஏற்றுக்கொண்டது 70-ஐச் சற்றுத்தான் தாண்டும். அங்கே 1883 முதல் மருத்துவர் குழு ஒன்று ஆராய்கிறது. திருச்சபையே இவ்வளவு நிதானமாக இருக்கும்போது, ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு "டாக்டர்கள் கைவிட்டார்கள்" என்று நாம் சொல்லக் கூடாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது, மருந்து சாப்பிட்டேன், வேண்டினேன், பயம் போனது. மருந்தும் கடவுள் கொடுத்ததுதான். "மாத்திரையை நிறுத்திவிட்டேன், விசுவாசம் காப்பாற்றியது" என்ற ஒரு வரியைக் கேட்டு, சர்க்கரை நோயுள்ள ஒருவர் இன்சுலினை நிறுத்தினால் அந்தப் பொறுப்பு யாருடையது?

வேண்டியும் சுகம் கிடைக்காதவர்களையும் சாட்சி சொல்ல அழையுங்கள். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போய்க்கொண்டே ஜெபமாலை விடாதவர் சொல்வது, அதே நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு எந்த அற்புதக் கதையையும்விட உதவும். அன்பியப் பொறுப்பாளர்கள் இதில் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம்.

இனி எங்கே சொல்வது என்று பார்ப்போம். அன்பியத்தில் இறைவார்த்தைப் பகிர்வு முடிந்த பிறகு, ஒரு கூட்டத்துக்கு ஒருவர் போதும். திருப்பலியில் (பூசையில்) மறையுரை, அதாவது பிரசங்கம், குருவுக்கும் அவருக்கு அடுத்த நிலையில் உள்ள திருத்தொண்டருக்கும் (டீக்கன்) உரியது. அந்த இடத்தில் பொதுநிலையினர் சாட்சி சொல்ல முடியாது. 2004-இல் ரோமை வெளியிட்ட வழிபாட்டு ஒழுங்குமுறை, சாட்சியைத் திருப்பலிக்கு வெளியே வைப்பதே நல்லது என்கிறது. முக்கியமான காரணம் இருந்தால், நற்கருணை வாங்கிய பின் குரு சொல்லும் மன்றாட்டு முடிந்த பிறகு சொல்லலாம். எப்படியும் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசி, எழுதிய தாளைக் காட்டிவிடுங்கள்.

அண்டை வீடு முற்றிலும் வேறு. திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் எழுதிய மடலின் 128-ஆம் எண் இதற்கு ஒரு வரிசை தருகிறது. முதலில் அவர் தம் மகிழ்ச்சியையும் கவலையையும் பேசட்டும். பிறகுதான் ஒரு இறைவார்த்தையோ ஒரு நிகழ்ச்சியோ. சூழ்நிலை இடம் கொடுத்தால் கடைசியில் அவர் சொன்ன கவலைக்காகச் சின்ன ஜெபம். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: கதவு திறந்ததும் நம் கதை, அவர் கவலை கடைசி வரை வெளியே வருவதில்லை. குடியாத்தத்தில் தறி ஓட்டுகிற அண்ணனிடம் பாவு விலையைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, நம் சாட்சிக்கு இடமில்லாமல் திரும்பி வந்தாலும் அது வீணான நேரம் இல்லை. அடுத்த முறை அவரே கேட்கலாம், "நீங்க எப்படிக்கா சமாளிக்கிறீங்க?" என்று. அப்போது சொல்ல நாலு நிமிடம் தயாராக இருக்க வேண்டும். பேதுரு முதல் திருமுகம் 3:15-16 சொல்வதும் இதுதான்: கேட்பவருக்கு விடை சொல்ல எப்போதும் ஆயத்தமாக, ஆனால் பணிவோடும் மரியாதையோடும்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீடு, வாணியம்பாடியில் ஐந்து வேளை தொழும் பாய் வீடு, அடுத்த தெரு சி.எஸ்.ஐ. குடும்பம் என்று எங்கே இருந்தாலும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். "அங்கே போனேன், நடக்கவில்லை, இங்கே நடந்தது" என்று தொடங்கும் சாட்சி பாதியிலேயே அவமரியாதை ஆகிவிடும். அபிஷேகம், மீட்பு, அருள்வாழ்வு போன்ற கோவில் சொற்களை அங்கே குறைத்துக்கொள்ளுங்கள்.

உதவியையும் சாட்சியையும் ஒரே நாளில் செய்யவே கூடாது. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபை அரிசி கொடுக்கப் போன வீட்டில் அன்று சாட்சி வேண்டாம். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சமய உரிமை பற்றி வெளியிட்ட அறிக்கை, குறிப்பாக ஏழைகளிடமும் படிக்காதவர்களிடமும் வற்புறுத்தலாகத் தோன்றுகிற எதையும் தவிர்க்கச் சொல்கிறது. ஆஸ்பத்திரி வார்டும் அப்படித்தான். படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது. ஊர் பேர் கேளுங்கள், வங்காளத்திலிருந்து வந்தவருக்கு மருந்துக்கடைக்கு வழி காட்டுங்கள். ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் சாட்சி வீடியோ போடுவதென்றால் சம்பந்தப்பட்டவரின் சம்மதம், பங்குத்தந்தையின் சம்மதம் இரண்டும் வேண்டும். சிறுபிள்ளைகளின் முகமும் பள்ளி பெயரும் வேண்டாம். ஒருமுறை பரவியதைத் திரும்ப வாங்க முடியாது.

யாராவது தாமாகவே கோவிலுக்கு வரக் கேட்டால், ஞாயிறு பூசைக்கு அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எப்போது எழுவது, எப்போது முட்டி போடுவது என்று மெல்லச் சொல்லுங்கள். நற்கருணை வாங்க ஏன் இப்போது போகக் கூடாது என்பதை வரிசை கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவருக்குச் சங்கடம். திருமுழுக்கு பற்றிக் கேட்டால் நாள் குறிக்கும் வேலை நமக்கு இல்லை, பங்குத்தந்தையிடம் அழைத்துப் போங்கள். பெரியவர்களுக்கு ஞானஉபதேசத்தோடு தயாரிப்புக் காலம் உண்டு, பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு வழிபாட்டில்) கொடுப்பதே முறை. உங்களையே ஞானத்தாயாகவோ ஞானத்தகப்பனாகவோ நிற்கக் கேட்கலாம். அதற்குப் பொதுவாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும், புதுநன்மையும் (முதல் நற்கருணையும்) உறுதிபூசுதல் அருட்சாதனமும் பெற்றிருக்க வேண்டும். உறுதிபூசுதல் வேறு பங்கில் நடந்திருந்தால் சான்றிதழை இப்போதே எழுதிக் கேட்டு வையுங்கள். பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து அனுப்ப அவர்களுக்கு நாள் பிடிக்கும்.