பிள்ளை ராத்திரி தூங்கலையா? முதலில் வீட்டைப் பாருங்கள்

குழந்தை ராத்திரி எழுந்து அழுதால் நம் பக்கம் முதலில் வரும் தீர்ப்பு, "தாய்க்குப் பால் பத்தலை." பிறந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, "ரெண்டு சங்கு ராகிப்பால் குடு கண்ணு, வயிறு நெறஞ்சா தானா தூங்கும்" என்று ஆயா சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா ஆமாம் போடுவார், அன்று சாயங்காலமே ராகியை ஊறவைத்து அரைத்து வெள்ளைத் துணியில் பிழிகிற வேலை தொடங்கிவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ராகி மேல் இருக்கும் நம்பிக்கையைக் குறை சொல்ல முடியாது, களியும் கூழும் தின்று வளர்ந்த உடம்பு. ஆனால் ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது, நம் ஊர் கிராம சுகாதார செவிலியரும் சொல்கிறார். ராகிப்பால் குடித்த வயிறு தாய்ப்பாலைக் குறைவாகக் கேட்கும். குழந்தை குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறையும், அப்போதுதான் நிஜமாகவே பால் பத்தாமல் போகும். பிழிந்த துணி, சங்கு, பாத்திரம் வழியாகக் கிருமி போய் வயிற்றுப்போக்கு பிடித்தால் அப்புறம் யாருக்கும் தூக்கம் கிடையாது. இன்னொன்று, ராத்திரி சுரக்கும் தாய்ப்பாலில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் இருக்கிறது. அதைக் குறைத்துவிட்டுத் தூக்கத்துக்காக ராகிப்பால் கொடுப்பதில் என்ன லாபம்? ஆறு மாதம் முடிந்ததும் தாராளமாக ராகிக் கூழ் கொடுங்கள், அதைவிட நல்ல உணவு தேட வேண்டியதில்லை. தூக்க மருந்தாக மட்டும் அதை நினைக்காதீர்கள்.

ஏனென்றால் பசி மட்டுமே குழந்தையை எழுப்புவதில்லை. கைக்குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய 50 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஓடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தூக்கம் லேசாகும், முனகும், முகம் சுளிக்கும், கை காலை உதறும், சில நேரம் கண்ணைத் திறந்துகூடப் பார்க்கும். பாதி அம்மாக்கள் அந்த முனகலைக் கேட்டவுடனே வாரி எடுத்துவிடுகிறார்கள், பாசம்தான், ஆனால் தானாக அடுத்த சுற்றுக்குள் போயிருக்க வேண்டிய குழந்தையை நாமே முழுசாக எழுப்பிவிடுகிறோம். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். முனகல் அழுகையானால் எடுங்கள், அடங்கினால் விட்டுவிடுங்கள்.

இந்தச் சுற்று விஷயம் புரிந்தால் தூளி விவகாரமும் புரியும். விட்டத்தில் கட்டிய சேலை, நடுவில் தொட்டில் கட்டை, அதிலிருந்து ஒரு கயிறு. அம்மா பாயில் படுத்தபடியே அந்தக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டே கண் அசந்துவிடுவார், கால் நின்ற கொஞ்ச நேரத்தில் குழந்தை வீல் என்று கத்தும். ஆடிக்கொண்டே தூங்கிய குழந்தை, சுற்று முடிந்து லேசாக விழிக்கும்போதும் அதே ஆட்டத்தைத்தான் தேடும். மார்பிலேயே தூங்கிப் பழகிய குழந்தை மார்பைத் தேடும், பாட்டில் வாயோடு தூங்கியது பாட்டிலைத் தேடும் (பாட்டிலோடு தூங்கினால் பால்பல் சொத்தையாகும் என்பது தனிக் கணக்கு). அதனால் மூன்று நான்கு மாதம் ஆனபிறகு, தினம் ஒரு வேளையாவது, கண் சொருகும்போதே, முழுசாகத் தூங்குவதற்கு முன்னாலேயே படுக்கையில் கிடத்திப் பழக்குங்கள். நெஞ்சில் கையை வைத்துத் தட்டிக்கொடுங்கள், தாலாட்டு தெரிந்தால் பாடுங்கள். முதல் நாளே நடக்காது. ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம். ராத்திரி முழுக்க அழவிட்டால் தானாகப் பழகும் என்று சிலர் சொல்வார்கள். சின்னக் கைக்குழந்தையிடம் அந்த முறை வேண்டவே வேண்டாம், அழும்போது ஆள் வருவதுதான் அதற்குத் தெம்பு.

தூளியில் பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது கொஞ்ச நேரம் போடுவதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். ராத்திரி முழுக்க அதில் விடுவதுதான் பயம். பிறந்த குழந்தையின் உடம்பு சேலைக்குள் வளைந்து முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடலாம். வளர்ந்த பிள்ளைகள் தூளியைச் சுற்றிச் சுற்றி முறுக்கி விளையாடி, கழுத்து இறுகி இறந்த செய்திகள் தமிழ்நாட்டில் ஒருமுறை இருமுறை வந்ததல்ல. குழந்தை இல்லாத நேரத்தில் தூளியைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள்.

படுக்கை விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். ஒரு வயது வரை மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் சரி. "குப்புறப் போட்டா நல்லா தூங்கும்" என்பார்கள், ஆழ்ந்து தூங்கும் என்பதும் உண்மைதான், ஆபத்தே அந்த ஆழத்தில்தான் இருக்கிறது, மூச்சு முட்டினாலும் விழித்துக்கொள்ளாது. 1990களில் பல நாடுகள் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்தபிறகு, தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறப்பது பெருமளவு குறைந்தது. தானாகவே இரண்டு பக்கமும் புரளத் தெரிந்த பிள்ளை தூக்கத்தில் குப்புறத் திரும்பினால் எழுந்து எழுந்து திருப்பிப்போடத் தேவையில்லை. சமமான, கெட்டியான படுக்கை போதும். இலவம்பஞ்சுத் தலையணை, தலை உருண்டையாக வரும் என்று போடும் கடுகுத் தலையணை, சுற்றி அடுக்கும் பொம்மை எதுவும் வேண்டாம். அம்மாவும் குழந்தையும் ஒரே அறையில் படுப்பது நல்லது. ஆனால் குடித்துவிட்டு வந்தவர், பீடி சிகரெட் பிடிப்பவர், தூக்க மாத்திரை போட்டவர் பக்கத்தில் கைக்குழந்தையைப் போடக்கூடாது. சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டே தூங்கிவிடுவதும் ரொம்ப ஆபத்து.

மார்கழி, தையில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் குளிர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். அதற்காக ஸ்வெட்டர், குல்லா, காலுறை, அதன்மேல் ரெண்டு கம்பளி என்று மூட்டை கட்டினால் உடம்பு சூடேறி அதுவே ஆபத்தாகும். நாம் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூட இருந்தால் போதும். தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள், போர்வை முகத்தை மூடக்கூடாது. கை கால் சில்லென்று இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், கைக்குழந்தைக்கு அது சாதாரணம். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், அங்கே வியர்த்திருந்தால் துணி அதிகம். கதவை அடைத்துக்கொண்டு சாம்பிராணிப் புகை, கொசுவத்திப் புகை போடுவதும் வேண்டாம், மூக்கடைத்தால் எந்தக் குழந்தை தூங்கும்? கொசுவலை வாங்கிக் கட்டுங்கள்.

சரி, பகல் ராத்திரி வித்தியாசத்துக்கு வருவோம். பிறந்த குழந்தைக்கு அது தெரியாது, இரண்டு மூன்று மாதத்தில்தான் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். அதைச் சொல்லிக்கொடுப்பது வெளிச்சம்தான். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் லைன் வீடுகளில் ஜன்னலே இல்லாத அறைகள் உண்டு, காலை பத்து மணிக்கும் டியூப்லைட் எரியும், ராத்திரி பத்து மணிக்கும் அதே டியூப்லைட். அந்தக் குழந்தை எதைப் பார்த்துப் பகல் என்று தெரிந்துகொள்ளும்? காலையில் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து இள வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள், பகலில் பேசுங்கள், சத்தம் இருக்கட்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் விளக்கைக் குறையுங்கள். ராத்திரி பால் கொடுக்க எழுந்தால் சின்ன விளக்கு போதும், பேச்சுக் கொடுக்காதீர்கள், ஈரம் அதிகமாக இல்லை, மலம் கழிக்கவில்லை என்றால் டயப்பரை மாற்றி எழுப்பிவிடாதீர்கள்.

செல்போன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டு வீடியோ போட்டால் அழுகை நிற்கிறது என்பது நிஜம். ஆனால் கண்ணுக்கு நேரே வரும் அந்த வெளிச்சம் மெலடோனினைத் தள்ளிப்போடும், ஓடும் படம் மூளையை விழிக்கவைக்கும். 2019இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டியில் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. பிள்ளையை மட்டும் தடுத்துவிட்டு நாம் பக்கத்தில் படுத்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தால் நடக்காது.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று, ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் இறங்கி அப்பா வீட்டுக்குள் வரும்போது பத்தோ பதினொன்றோ ஆகிவிடுகிறது, பெங்களூர் போய் வருகிறவர்களுக்கும் அதே கதை. பகல் முழுக்கப் பிள்ளை முகம் பார்க்காத மனுஷன், தூக்கிக் கொஞ்சாமல் எப்படி இருப்பார்? லைட் எரியும், தட்டு சத்தம் கேட்கும், பிள்ளை எழுந்து உட்கார்ந்து பன்னிரண்டு மணிவரை விளையாடும். சில வீடுகளில் அப்பா வரட்டும் என்றே பிள்ளையை விழிக்கவைத்துக் காத்திருக்கிறார்கள். என் கருத்து இதுதான்: அப்பாவுக்குக் காலையைக் கொடுங்கள். குளிப்பாட்டுவது, வாசலில் வெளிச்சம் காட்டுவது, முதல் கூழ் ஊட்டுவது அவர் வேலையாகட்டும். ராத்திரி அவர் வரும்போது கூடத்து விளக்கு மட்டும் எரியட்டும்.

நேரம் கழித்துப் படுத்தால் அசந்து தூங்கும் என்ற கணக்கும் தப்பு. கண்ணைக் கசக்குவது, காதை இழுப்பது, எங்கேயோ வெறித்துப் பார்ப்பது, இதெல்லாம் தூக்கம் வந்துவிட்டது என்பதன் அடையாளம். அதைத் தவறவிட்டால் களைப்பு முற்றி, உடம்பு தன்னை விழிப்பாக வைத்துக்கொள்ளும் ஹார்மோன்களைச் சுரக்கும், அப்புறம் குதிக்கும், சிணுங்கும், தூங்கினாலும் அடிக்கடி விழிக்கும். பகல் தூக்கத்தைப் பிடுங்குவதும் அதே தப்புதான். பகலையும் சேர்த்து 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு 12 முதல் 16 மணி நேரம், ஒன்று இரண்டு வயதில் 11 முதல் 14, மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் நீண்ட தூக்கம் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தூங்குவதற்காக மருந்துக் கடையில் சளி சிரப் வாங்கி ஊற்றுவதை நினைத்தாலே எனக்கு நடுக்கமாக இருக்கிறது. சளி மருந்துகளில் பரவலாக இருக்கும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலவையை நான்கு வயதுக்குள் கொடுக்கக்கூடாது என்று மருந்து லேபிளிலேயே எழுதச் சொல்லி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டது. தேனில் வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் போனால் பொட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரலாம்.

இரண்டு வயதைத் தாண்டியவர்கள் கதை வேறு. தண்ணி, உச்சா, இன்னொரு கதை என்று படுக்கையை விட்டு எழுந்துகொண்டே இருப்பார்கள். நாம் பொறுமை இழந்து, "பூச்சாண்டி வரான், கண்ண மூடு", "ஊசி போடுற டாக்டர கூப்பிடவா?" என்போம். கற்பனை வளரும் வயது அது, பூச்சாண்டி நிஜமாகவே அவர்களுக்குக் கதவுக்குப் பின்னால் நிற்பான். பயந்துபோய் கண்ணை மூடும் பிள்ளை நடுராத்திரியில் அலறும், தடுப்பூசி போடும் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலேயே புரண்டு அழும். தினமும் ஒரே வரிசை, உடம்பு துடைத்து, பல் தேய்த்து, உச்சா போய், ஒரு கதை, விளக்கு அணைப்பு. "இந்தச் சட்டையா அந்தச் சட்டையா" என்று ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுக்க விடுங்கள், தூங்கும் நேரத்தை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா "போதும்" என்றதும் தாத்தா "வாடா ராஜா, டிவி பாக்கலாம்" என்றால் அந்த வரிசை ஒரே நாளில் உடையும், அதனால் பெரியவர்களோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண் திறந்திருக்க, அம்மாவையே அடையாளம் தெரியாமல் பிள்ளை கதறினால், அது பெரும்பாலும் தூக்கத்திடுக்கம், காத்துக்கருப்பு அல்ல. மனம் ஆறுவதற்குத் திருஷ்டி சுற்றிப் போடுவதானால் போடுங்கள். ஆனால் உலுக்கி எழுப்பாதீர்கள், விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருங்கள், தானாக அடங்கிவிடும், காலையில் அதற்கு நினைவும் இருக்காது. தூக்கம் பத்தாத பிள்ளைக்கு இது அதிகம் வரும், அரை மணி நேரம் முன்னதாகப் படுக்கவைத்துப் பாருங்கள்.

டாக்டரிடம் காட்ட வேண்டியதைப் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். தினமும் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, எடை ஏறாமல் இருப்பது, ராத்திரி முழுக்கக் கால் உதறல், இதற்கெல்லாம் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், இரும்புச்சத்துக் குறைவுகூடக் காரணமாக இருக்கலாம். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல், நெஞ்சு உள்வாங்கி மூச்சு விடுவது, எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு தூங்கிக்கொண்டே இருப்பது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.