கூட்டத்தில் எழுந்து பேசுவது எப்படி: கந்தோருக்குப் புதிதாக வந்தவர்களுக்கான செய்முறை விளக்கம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் கமநல சேவை நிலையங்களுக்கு (கமக்காரர்களுக்கான அரச கந்தோர்களுக்கு) நியமனம் பெற்று வரும் இளம் உத்தியோகத்தர்கள் பலர், வேலையை நன்றாக அறிந்திருந்தும், பெரும்போகக் (மாரிகாலப் பயிர்ச்செய்கைக்கான) கூட்டத்தில் கமக்காரர்களுக்கு முன்னால் எழுந்து நின்றவுடன் குரல் அடைத்துப் போகிறார்கள். நானும் அந்த வழியால் வந்தவள் என்பதால், எனக்குக் கைகொடுத்த முறையை வரிசையாக எழுதுகிறேன். கூட்ட அறிவித்தல், வரவுப் பதிவு போன்றவை உங்களுக்குத் தெரிந்தவையே.

முதலாம் படி: சிறிய வேலையொன்றை முழுமையாக முடியுங்கள். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை நான்கு வழிகளால் உருவாகிறது என்று உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இல் விளக்கினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காணுதல், பிறர் தரும் ஊக்கம், அந்நேரத்து உடல், மன நிலை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. ஆகவே ஊக்கப் பேச்சுக் காணொளிகளில் பொழுதைச் செலவிடாமல், ஒரேயொரு கமக்காரர் அமைப்பின் காணிப் பதிவுகளையாவது வயலுக்கு நேரில் சென்று சரிபார்த்து முடித்துவிடுங்கள். அந்த அமைப்பைப் பற்றி யார் கேட்டாலும் உங்கள் குரல் தளராது.

இரண்டாம் படி: சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டை போட்ட கொப்பி) ஒன்றை வாங்குங்கள். கைப்பேசியில் குறிப்பெடுப்பதை நான் விரும்புவதில்லை; கூட்டத்தில் அதைக் கையில் எடுத்தால், வாட்ஸ்அப் பார்ப்பதாகவே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் நினைப்பார்கள். இடப்பக்கத்தில் நீங்கள் சொல்லவேண்டியதை மூன்று வரிகளில் எழுதுங்கள். வலப்பக்கத்தைக் கேள்விகளுக்காக வெறுமையாக விடுங்கள்.

மூன்றாம் படி: முதல் வசனத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். “முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரையில் எந்த வாய்க்கால் துப்புரவாக்கப்பட்டுவிட்டது, எது மிச்சம் என்பதை முதலில் சொல்லுகிறேன்” என்று விடயத்துக்குள் நேராக இறங்குங்கள்.

நான்காம் படி: தெரியாத கேள்விக்கு விடை சொல்லுதல். என்னை நெடுங்காலம் வருத்தியது இதுவே. “பிள்ளை, உரமானியக் காசு எப்ப வரும்?” என்று ஒருவர் எழுந்து கேட்பார், கூடமே உங்களைப் பார்க்கும். அவ்வேளையில் “விரைவில் வரும்” என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அந்தக் காசை நம்பித்தான் அவர் கடைக்காரரிடம் தவணை கேட்டிருப்பார்; நீங்கள் சொன்ன ‘விரைவில்’ தவறினால், அடுத்த கூட்டத்தில் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. விடையில் மூன்று செய்திகள் இருக்கட்டும்: அறிந்தது, அறியாதது, விடை கிடைக்கும் நாளும் வழியும். “ஐயா, உங்கள் அமைப்பின் பெயர்ப்பட்டியல் அனுப்பப்பட்டுவிட்டது. காசு வரும் திகதி எனக்கு இன்னும் அறிவிக்கப்படவில்லை. விசாரித்து, புதன்கிழமை பத்து மணிக்குள் உங்கள் செயலாளருக்குச் சொல்லுகிறேன்.” சொல்லிக்கொண்டே கேட்டவரின் பெயரையும் நாளையும் வலப்பக்கத்தில் அவர் காண எழுதுங்கள். புதன்கிழமை புதிய செய்தி எதுவும் இல்லாவிட்டாலும், இல்லை என்பதைச் சொல்வதற்காகவேனும் செயலாளருக்கு அழைப்பு எடுங்கள்.

இதை முன்கூட்டியே ‘இப்படிக் கேட்டால், இப்படிச் சொல்வேன்’ என்று கொப்பியில் எழுதி வைப்பது நல்லது. அவ்வாறு நிபந்தனையோடு இணைத்து வகுத்த திட்டம் வெறும் எண்ணத்தைவிட நன்கு நிறைவேறுகிறது என்பதைப் பீற்றர் கொல்விற்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

பின்சேர்க்கை: கொழும்பிலிருந்து சிங்களத்தில் தொலைபேசி அழைப்பு வரும்போது என்ன செய்வது என்று வாசகர் சிலர் கேட்டிருந்தனர். ‘தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்’ என்பதற்கான சிங்கள வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். திகதி, தொகை, கோவை இலக்கம் ஆகிய மூன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். அழைப்பு முடிந்ததும் அவற்றை மின்னஞ்சலில் அனுப்புமாறு கேளுங்கள். அவ்வாறு கேட்பது அரச வேலையில் வழமையான நடைமுறை, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.