பாராட்டை அன்றே எழுதிவிடுங்கள்

திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் வேலைக்குப் போகும் நாங்கள் நான்கு பேரும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். உடன் வேலை செய்யும் பெண் ஒரு காரியத்தை நன்றாக முடித்தால், அன்றே இரண்டு வரி மின்னஞ்சல்: என்ன செய்தார், அதனால் என்ன பயன். அவருக்கும், அவருடைய மேலதிகாரிக்கும். வாயால் சொல்லும் ‘அருமை’ வண்ணாரப்பேட்டை வருவதற்குள் காற்றோடு போய்விடும்.

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ‘உங்கள் சாதனைகள்’ என்ற கட்டத்தைப் பார்த்து விழிப்பவர்கள்தாம் நம்மில் அதிகம். தோழி ஒருவர் மூன்று வரியோடு பேனாவை மூடிவிட்டார். பழைய மின்னஞ்சல்களைத் தேடினால் பதினொன்று! பாதி அவருக்கே மறந்திருந்தது.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்புகிறவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். முன்பு மகப்பேறு நலச் சட்டம், 1961-இல் இருந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-இல் இடம்பெற்றுள்ள விதிப்படி, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்டத் தினமும் 2 இடைவேளை உண்டு. கேட்கக் கூச்சப்படுவார். “நீ போய் வாம்மா, தொலைபேசியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று முதல் வாரம் பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் சொன்னால், அடுத்த வாரம் அவரே எழுந்து போவார்.